சாப்பிட்டதும் வயிறு கலக்குவது ஏன்? பெரட்டுக்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரம்

3 மார்ச் 2024, ஞாயிறு காலை

இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"எங்க அக்கா கொழுந்து எடுக்குறா. காலையில ரெண்டு ரொட்டியும் தேத்தண்ணியும் உள்ள போயி பத்து நிமிஷத்துல வயிறு கலக்குது. 'திங்கிறது ஒண்ணும் ஒடம்புல ஒட்டல, அப்பிடியே எறங்கிருது'ன்னு அம்மா சொல்றாங்க. இப்ப அக்கா காலைச் சாப்பாட்டையே விட்டுட்டா. வெறும் வயித்தோடதான் மலைக்குப் போறா. இது என்ன வியாதி?"

3 மார்ச், பகல்

வியாதி இல்லை தம்பி. அக்காவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

பத்து நிமிஷத்துக்கு முன் தின்ற ரொட்டி பத்து நிமிஷத்தில் வெளியே வரவே முடியாது. அது இரைப்பையிலேயே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடந்து அரைபடும். அப்புறம் சிறுகுடலில் சில மணி நேரம். அதற்கப்புறம் பெருங்குடலில் ஒரு நாளோ அதற்கும் மேலோ. அக்கா காலையில் வெளியேற்றுவது நேற்றையதோ முந்தாநாளையதோ. இன்றைய ரொட்டி உடம்பில் ஒட்டத்தான் போகிறது.

அப்படியானால் ஏன் சாப்பிட்டவுடன் வருகிறது? இரைப்பை விரிந்ததும் அந்தச் செய்தி நரம்பு வழியாகப் பெருங்குடலுக்குப் போகிறது. பெருங்குடல் ஒரு பெரிய அசைவாக அசைந்து, உள்ளே இருப்பதை நேர்குடலுக்குத் தள்ளிவிடுகிறது. ஒற்றைக் காம்பராவில் விருந்தாளி வந்தால் மூலையில் கிடக்கிற மூட்டையை நகர்த்தி இடம் பண்ணுவோமே, அந்த மாதிரி. பாடப் புத்தகத்தில் இதற்கு இரைப்பை–பெருங்குடல் தெறிவினை என்று பெயர். சூடான சட்டியில் பட்ட கையை யோசிக்காமல் இழுக்கிறோமே, அதுவும் தெறிவினைதான். செய்தி வேகஸ் நரம்பில் ஏறி மூளைத்தண்டுக்குப் போய், அதே நரம்பில் இறங்கிப் பெருங்குடலுக்கு வருகிறது.

பெருங்குடல் இரவில் பெரும்பாலும் சும்மா கிடக்கும். விழித்ததும் அசையத் தொடங்கும். அதன்மேல் காலைச் சாப்பாடும் சேர்ந்தால் நாளிலேயே மிகப் பலமான தள்ளல் அப்போதுதான் வரும். தள்ளுகிற அசைவுகள் பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரம் வரை நீடித்து அடங்கிவிடும்.

அதனால் அக்காவை ஐந்து மணிக்கே சாப்பிடச் சொல்லுங்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்துக்கு, போகுமுன் வேலை முடிந்துவிடும்.

3 மார்ச், இரவு

பகல் அவசரத்தில் விட்டுவிட்டேன், இது முக்கியம். மலத்தோடு இரத்தம், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, காய்ச்சல், ராத்திரித் தூக்கத்தைக் கலைத்து எழுப்புகிற வயிற்றோட்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் எழுதியதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள். காலையில் ஒரு தடவை, வழக்கமான பதத்தில் போவது மட்டும்தான் நான் சொன்ன கணக்கில் சேரும்.

5 மார்ச், செவ்வாய்

"கைக்குழந்தைக்கும் இது உண்டா? மார்பில் பால் குடிக்கும்போதே துணியை நனைக்கிறான். பால் தங்கவில்லை என்று மாமியார் பயப்படுகிறார்" என்று ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். உண்டு. பிறந்த குழந்தையில்தான் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். வாய்க்குள் பால், அடியில் மஞ்சள். நிறை ஏறிக்கொண்டிருந்தால் பால் தங்குகிறது என்றுதான் அர்த்தம். மாமியிடம் கிளினிக் அட்டையில் ஏறுகிற கோட்டைக் காட்டுங்கள்.

6 மார்ச், புதன்

ஒரு திருத்தம். பேராதனையில் படிக்கிற பிள்ளை ஒருத்தி சுட்டிக்காட்டினார், அவர் சொன்னது சரி. முழுப் பாதையும் வேகஸ் நரம்பு என்று எழுதியிருந்தேன். வேகஸ் கழுத்து, நெஞ்சு எல்லாம் தாண்டி வயிற்றுக்குள் வெகுதூரம் இறங்கினாலும் பெருங்குடலில் குறுக்காகக் கிடக்கிற பகுதியான குறுக்குக் குடலின் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் அதன் எல்லை. அதற்குக் கீழே இடப்பக்கப் பெருங்குடலுக்கும் நேர்குடலுக்கும் நரம்பு வருவது முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாணின் அடிப் பகுதியிலிருந்து. காலைத் தள்ளலுக்கு இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும். கஸ்திரின், கொலிசிஸ்டோகினின் என்ற ஓமோன்களும் கூட நிற்கின்றன. கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பெருங்குடல் கூடுதலாக அசைவது இதனால்தான். ரொட்டியோடு தேங்காய்ச் சம்பல் இருக்கிற நாளும் வெறும் ரொட்டி நாளும் ஒரே மாதிரி இருக்காது.

இன்னொன்றும் அவர் சொன்னார். வேகஸ் நரம்பின் இழைகளில் பத்துக்கு எட்டு அளவு கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. மூளை வயிற்றுக்குக் கட்டளை போடுகிறது என்றுதான் நான் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டிவந்தேன். அம்புக்குறிகளை மாற்ற வேண்டும்.

8 மார்ச், வெள்ளி, சிவராத்திரி

விரதம். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிற அம்மாளின் வயிறு கடகடவென்று இரைகிறது, பாவம், சேலையால் மூடிக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் எனக்கும்.

வெறும் வயிறு இரைவதற்கு உள்ளே காற்று சேர்ந்ததுதான் காரணம் என்பார்கள். பாதிதான் சரி. சாப்பிடாத நேரத்தில் இரைப்பையும் சிறுகுடலும் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருக்கித் தள்ளுகின்றன. அலை இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை மெதுவாக நகரும். மிச்சம் மீதி, நார், பழைய சளிப்பொருள் எல்லாம் அதோடு போகும். உள்ளே இருக்கிற காற்றும் நீரும் அந்த அலையில் அகப்பட்டு இரைகிறது. ஒரு வாய் சாப்பிட்டால் இந்த அலை நின்று, அரைக்கிற அசைவு தொடங்கிவிடும்.

அக்கா காலையில் சாப்பிடாமல் போகிறார் என்றால் மலையில் பத்து மணிக்கு வருகிற இரைச்சலும் இதுதான். சாப்பாட்டை விட்டால் குடல் ஓய்வெடுக்கும் என்று நினைக்க வேண்டாம்.

9 மார்ச், சனி

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர் கேட்கிறார்: மூளை சொல்லாமல் குடல் தானாக அசையுமா?

அசையும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்பது பத்து வயது. தீபாவளிக்கு எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஆடு அடித்தார்கள். குடலை அலசுகிற வேலை அம்மாவுக்கு. பீலிக்கரையில் குந்தி உட்கார்ந்து, சூடு ஆறாத குடலை அலுமினியத் தாச்சியில் போட்டார். நான் விளக்குப் பிடித்தேன். தாச்சிக்குள் அது நெளிந்தது. அம்மா விரலால் ஒரு இடத்தில் கிள்ள, கிள்ளின இடத்துக்குப் பக்கத்தில் வளையம் போல் இறுகி, அந்த வளையம் கொஞ்ச தூரம் நகர்ந்தது. ஆடு செத்துவிட்டது, தலை வேறு இடத்தில் கிடக்கிறது. நான் விளக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அம்மா, "அது அதோட புத்தி, ஒன்னைய ஒண்ணும் செய்யாது" என்றார்.

"அதோட புத்தி." 1899இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலை வைத்து இதைத்தான் காட்டினார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வருகிற நரம்புகளை எல்லாம் வெட்டிய பிறகும், ஒரு இடத்தில் தூண்டினால் அதற்கு மேற்பக்கம் சுருங்குகிறது, கீழ்ப்பக்கம் தளர்கிறது. அதனால் உள்ளே இருப்பது கீழ்நோக்கி மட்டும் போகிறது. குடலின் விதி என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த விதியை நடத்துகிற நரம்புக் கலங்கள் குடல் சுவருக்குள்ளேயே இரண்டு வலையாகப் படுத்திருக்கின்றன. தசைப் படைகளுக்கு நடுவில் ஒன்று, அவர்பாக் பின்னல். உட்பக்கம் இன்னொன்று, மைஸ்னர் பின்னல். இரண்டும் சேர்ந்து பத்துக் கோடிக்குக் குறையாத நரம்புக் கலங்கள். லாங்லி என்ற ஆங்கிலேயர் 1921இல் இதை, உள்ளுறுப்புகளை நாம் நினைக்காமலே நடத்துகிற பரிவு, பரபரிவு நரம்புத் தொகுதிகள் இரண்டோடும் சேர்க்காமல் மூன்றாவது பிரிவாகத் தனியே பிரித்து வைத்தார்.

அசைவின் தாளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. தசைக்கும் நரம்புக்கும் நடுவே கஹால் கலங்கள் என்று உண்டு. இரைப்பைக்கு நிமிஷத்துக்கு 3, முன்சிறுகுடலுக்கு 12 என்று தாளம் போடுவது அவைதான். தவில்காரர் மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். தாளம் எப்போதும் ஓடும், எந்தத் தட்டில் பலமாக இறுகுவது என்பதை நரம்பு தீர்மானிக்கும்.

10 மார்ச், ஞாயிறு

நேற்றைய விஷயத்தின் மறுபக்கம். அந்த நரம்பு வலை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் பக்கத்துக் காம்பராவில் பிறந்த பையன் ஒருவன் மூன்று நாளாகியும் கறுப்பு மலம் போகவில்லை. வயிறு மத்தளம் மாதிரி வீங்கியது, பச்சையாக வாந்தி. பாட்டி ஓமத்தண்ணீர் கொடுக்கப் போனார், நல்ல வேளையாக மருத்துவிச்சி வந்து தடுத்து அனுப்பிவைத்தார். கரு வளரும்போது நரம்புக் கலங்கள் குடலின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி ஊர்ந்து போய்க் குடியேறுகின்றன. கடைசித் துண்டுக்குப் போய்ச் சேராவிட்டால் அந்தத் துண்டு தளரவே தளராது, இறுகியபடி நின்று வழியை அடைக்கும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பது இது, 5,000 பிறப்பில் ஒன்றுக்கு வருகிறது. வலை இல்லாத துண்டை வெட்டி எடுத்து நல்ல குடலை இழுத்துத் தைத்தார்கள். பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான்.

பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகவில்லை என்றால் கைமருந்து பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

13 மார்ச், புதன், இரவு

இத்தனை நாளும் நரம்பைப் பற்றி எழுதினேன். தம்பி கேட்டதன் அடியில் இருக்கிற விஷயத்தை இன்னும் எழுதவில்லை. அக்கா ஏன் காலைச் சாப்பாட்டை விட்டார்? வயிறு கலக்குவதால் மட்டும் இல்லை. கலக்குகிற நேரத்தில் அவர் மலையில் இருப்பதால்.

எங்கள் அம்மா தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் 32 வருஷம் கொழுந்து எடுத்தவர். நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். ரொட்டி தட்டுவார், அப்பாவுக்கு, எங்களுக்கு. கடைசி ரொட்டி அவருடையது. அதை உட்கார்ந்து தின்று நான் பார்த்ததில்லை. இடது உள்ளங்கையில் சீனி, வலது கையில் தேத்தண்ணிக் கோப்பை, ஒரு நக்கு, ஒரு மடக்கு. ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டே இடுப்பில் படங்கு கட்டுவார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு படியிறங்குவார். அப்போது ஆறே முக்கால். தெறிவினை எழும்புகிற நேரத்தில் அவர் பெரட்டுக்களத்தில் நிற்பார். அது உச்சத்துக்கு வரும்போது ஒன்பதாம் நம்பர் மலை ஏற்றத்தில்.

அங்கே கக்கூசு கிடையாது. தேயிலைச் செடி இடுப்பளவு. கானுக்குள் இறங்கினால் அட்டை. மேலே நிரையில் கங்காணி. அம்மா அடக்கிக்கொள்வார். "அடக்குனா அடங்கிரும்" என்பது அவர் வார்த்தை.

அது உண்மை. நேர்குடல் விரிந்ததும் மலவாயின் உள் இறுக்கித் தசை தானாகத் தளர்கிறது, அது நம் கையில் இல்லை. வெளி இறுக்கி நம் கையில் இருக்கிறது. அதை இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் நேர்குடல் தளர்ந்து இடம் கொடுத்துவிடும், உந்தல் மறைந்துவிடும், மறுபடி வர மணிக்கணக்கு ஆகும். அதற்குள் குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாயந்தரம் வீட்டுக்கு வந்து குந்தினால் கல்லு மாதிரி. இதே கதை நாளுக்கு நாள், வருஷக்கணக்கில் நடந்தால் நேர்குடல் விரிவதற்குப் பழகி, அழைப்பே மங்கிப் போகும். மலையில் ஒன்றுக்குப் போக வேண்டி வரும் என்று அம்மா தண்ணீரும் குடிக்கமாட்டார். கோதுமை மாவில் நாரும் குறைவு. எல்லாம் சேர்ந்து முப்பத்தைந்து வயதிலேயே மூலம்.

இன்னும் ஒன்று எனக்கு வெகு நாளாகப் புரியாமல் இருந்தது. ராத்திரி அம்மா சோறு சாப்பிடமாட்டார். "நெஞ்சு வரைக்கும் நெறஞ்சு கெடக்கு" என்பார். காலையிலிருந்து ரெண்டு ரொட்டிதான் போயிருக்கும், எப்படி நிறையும்? பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, தெறிவினை மேலிருந்து கீழே மட்டும் போவதில்லை, கீழிருந்து மேலேயும் வருகிறது. அடியில் அடைபட்டிருந்தால் மேலே இரைப்பை காலியாவதை மெதுவாக்கிவிடுகிறது. நல்ல ஆரோக்கியமான ஆட்களை வேண்டுமென்றே சில நாள் மலத்தை அடக்கச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். 1990இல் வந்த ஆய்வில் குடல் வழியாகப் போகிற நேரம் நீண்டது. 1993இல் வந்த இன்னொன்றில் இரைப்பை காலியாவதே தாமதமானது. சில நாள் அடக்கியவர்களுக்கே அப்படி. அம்மா 32 வருஷம் அடக்கினார்.

வீட்டில் இதற்குச் சூடு என்று பெயர். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம், நல்லெண்ணெய் தேய்த்தோம். நானும் சூடு என்றே நம்பி வளர்ந்தேன்.

14 மார்ச், வியாழன்

"டீச்சர், இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா" என்று ஒருவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். "எழுது, எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார்.

17 மார்ச், ஞாயிறு

முதல் நாள் நான் எழுதிய "ஐந்து மணிக்கே சாப்பிடச் சொல்லுங்கள்" என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். இன்று முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த வரியில் கண்ணைத் திறந்தார்.

"அஞ்சு மணிக்கு அவ திங்கணும்னா நாலு மணிக்கு யாரு அவளுக்கு ரொட்டி தட்டுறது? அவளே தட்டி, எல்லாருக்கும் குடுத்து, அப்புறம்தானே திம்பா. அந்தத் தம்பி தட்டிக் குடுப்பானா, கேளு."

தம்பி, கேட்கிறேன். நீங்கள் தட்டிக் கொடுப்பீர்களா?

குடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அந்தக் காலை நேரத்தைப் பற்றி அம்மாவுக்குக் கூடுதலாகத் தெரியும். தெறிவினைக்கு வேண்டியது சாப்பாடு மட்டும் இல்லை. சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம், காலியாக ஒரு கக்கூசு, வெளியே நின்று கதவைத் தட்டாத ஆள். எங்கள் லயத்தில் பத்துக் காம்பராவுக்கு இரண்டு கக்கூசு இருந்தது. ஆறு மணிக்கு வாளியோடு வரிசை. ஐந்தேகாலுக்குப் போனால் வரிசை இல்லை. அதனால் நேரம் சரிதான், அந்த நேரத்துக்குள் அக்கா சாப்பிட்டு முடிக்க வீட்டில் யார் என்ன வேலையை எடுத்துக்கொள்வது என்பதைத்தான் நான் விட்டுவிட்டேன்.

மலையிலும் வேண்டும். தேத்தண்ணி நேரத்துக்கு ஒதுங்குகிற இடத்திலாவது ஒரு மறைப்பும் குழியும் தண்ணீரும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை.

20 மார்ச், புதன்

கொழும்பில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் தாயாருக்கு மலச்சிக்கல் என்று ஒருவர். அங்கே கொமட், இங்கே குந்துகிற கக்கூசு. நேர்குடலின் அடியில் ஒரு தசை கவண்வார் மாதிரி சுற்றி இழுத்து வழியை மடக்கி வைத்திருக்கிறது. குந்தும்போது அந்த மடிப்பு நன்றாக நிமிரும், நாற்காலியில் மாதிரி உட்காரும்போது அவ்வளவு நிமிராது. காலுக்கடியில் ஒரு சின்னப் பலகையை வைத்து முழங்காலை உயர்த்தி, கொஞ்சம் முன்னால் சாயச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இதுவே போதும்.

24 மார்ச், ஞாயிறு

கொஞ்சம் விலகிப் போகிறேன், றம்பொடை வளைவில் இன்று நடந்தது. கண்டியிலிருந்து வருகிற பஸ். முன் சீட்டில் ஒரு சின்னப் பெண், அவள் கையில் ரோல்ஸ் ஒன்று. மூன்றாவது வளைவில் வெளிறினாள், வாயில் எச்சில் ஊறுவது எனக்குத் தெரிந்தது, பொலித்தீன் பையைக் கொடுப்பதற்குள் எல்லாம் என் மடியில்.

அந்த வெளிறலும் எச்சிலும் வருகிற நேரத்திலேயே உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளைத்தண்டு வாந்தித் தெறிவினையைக் கிளப்பும். இரைப்பை தளர்ந்துபோகும். சிறுகுடலின் நடுப் பகுதியிலிருந்து ஒரு பலத்த அலை தலைகீழாக மேலே வந்து எல்லாவற்றையும் இரைப்பைக்குள் கொட்டும். அதன் பிறகுதான் வயிற்றுத் தசையும் உதரவிதானமும் அழுத்தி வெளியேற்றும். குடலின் விதி கீழ்நோக்கித்தான் என்று 9ஆம் தேதி எழுதினேன். வாந்தி அதற்கு விதிவிலக்கு.

பொரித்ததைத் தின்றுவிட்டு வளைவு ஏறுவது ஏன் மோசம் என்றால், கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் வந்ததும் "இன்னும் அனுப்பாதே" என்று இரைப்பைக்குச் செய்தி போகும். நரம்பு வழியாகவும் ஓமோன் வழியாகவும் போகும். இரைப்பை கதவைச் சாத்திக்கொண்டு நிரம்பியபடியே இருக்கும். ஏறுமுன் பிள்ளைகளுக்கு லேசாக எதையாவது கொடுங்கள். முன் கண்ணாடி வழியாகத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

31 மார்ச், ஞாயிறு

ஏச்சு விழுந்தால் வயிறு என்ன செய்யும் என்று கேட்டவருக்கு.

1890களின் கடைசியில் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், பூனைக்கு, எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிகிற பிஸ்மத் கலந்த சாப்பாடு கொடுத்து, அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயில் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை கோபப்பட்டதும் இரைப்பை அசைவு நின்றது. அமைதியானதும் மறுபடி தொடங்கியது. பரிவு நரம்புகள் இரைப்பையைப் பிடித்து நிறுத்துகின்றன.

பெரட்டில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கின நாளில் அம்மா பகலில் கட்டிக்கொண்டு போன ரொட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். பொட்டலம் பிரிக்காமல் இருந்தால் வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.

பயம் இரைப்பையை நிறுத்தினாலும் பெருங்குடலை முடுக்கிவிடும். சாதாரண தரப் பரீட்சைக் காலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கக்கூசில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் தெரியும். அந்தப் பிள்ளைகளை யாரும் கேலி செய்யக்கூடாது. மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே கதவைத் திறந்துவைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

7 ஏப்ரல், ஞாயிறு

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். அம்மா கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தாராம். அப்புறம் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து தானே அடுப்பு மூட்டியிருக்கிறார். அக்கா ஐந்து மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறார், கூடவே ஒரு செம்பு வெந்நீர். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வெறும் வயிற்றோடு இருந்து பழகினவருக்கு அப்படித்தான் இருக்கும், அவசரப்பட வேண்டாம், முக்கவும் வேண்டாம் என்று அப்போதே தனியாக எழுதினேன். இரண்டாம் வாரம் இரண்டு நாள். இந்த வாரம் அஞ்சு நாள், வரிசைக்கு முன்னாடியே. ஒன்பதரைத் தேத்தண்ணிக்கு ஒரு ரொட்டி கட்டிக்கொண்டும் போகிறாராம். மலையில் இரைச்சல் இல்லை.

அக்காவும் கூட எடுக்கிற பெண்களும் சேர்ந்து, மலையில் மறைப்பும் கக்கூசும் கேட்டுத் தோட்டத் தலைவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் தம்பி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அவர் தட்டுகிற ரொட்டி கல்லு மாதிரி இருக்கிறது என்று அக்கா சொல்கிறாராம். அம்மாவிடம் கேட்டேன். மாவில் தேங்காய்ப் பூவைக் கொஞ்சம் தாராளமாகப் போடவும், பச்சைத் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றிப் பிசையவும், ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைக்கவும். தட்டும்போது நடுவை மெல்லிசாக்கிவிட்டு ஓரத்தைத் தடிப்பாக விடாதீர்கள். ஓரம்தான் கல்லாகிறது.